புஷ் மாற்ற எந்தப் பிரஸ்?

கமத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றிற்கு இன்று கைகொடுப்பது ஒரு பழைய வான் அல்லது சிறு கார். மரக்கறி சந்தைக்குப் போவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதிலேதான். கிறவல் வீதியில் ஓடும் இவ்வாகனங்களில் முதலில் களைத்துப்போவன சில்லைத் தாங்கும் கைகளிலுள்ள றப்பர் புஷ்கள். குழியில் விழும்போது 'டக்' என்ற சத்தம், பிறேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுப்பது, ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். புஷ்ஷின் விலை பெரிதல்ல. அதைக் கழற்றிப் பூட்டும் கூலிதான் கையைக் கடிக்கிறது. ஆகவே இவ்வேலையை வீட்டுக் கொட்டிலிலேயே செய்வதற்கு எவ்வகைப் பிரஸ் வேண்டும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

புஷ் மூன்று படைகளைக் கொண்டது. நடுவே போல்ற் செல்லும் சிறு இரும்புக் குழாய், அதைச் சுற்றி றப்பர், அதற்கு வெளியே ஓர் இரும்புக் கூடு. இந்த வெளிக்கூடு கையின் துவாரத்தைவிட மிகச் சிறிதளவு பெரிதாக இருக்கும். இறுகிப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சுத்தியலால் அடித்தால் கூடு நசியும், துவாரமும் கெடும். அதனால்தான் நேராக, மெதுவாக அழுத்த வேண்டியிருக்கிறது.

எல்லா வாகனத்திற்கும் பிரஸ் தேவையில்லை. பழைய மொறிஸ் மைனரின் பின்வில்லில் றப்பர் இரண்டு பாதியாக வரும்; சவர்க்கார நீர் தடவிக் கையாலேயே செருகலாம். உங்கள் வாகனத்தின் புதிய புஷ்ஷை வாங்கிப் பாருங்கள். வெளியே இரும்புக் கூடு இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

வருடத்திற்கு ஒரு முறை, ஒரு வாகனத்திற்கு மட்டும் செய்பவர் பிரஸ் வாங்குவது வீண் செலவு என்பதே என் எண்ணம். அவருக்கு ஒரு நீண்ட போல்ற், தடித்த வளையங்கள், இரண்டு குழாய்த் துண்டுகள் போதும். ஒரு குழாய் புஷ்ஷைவிடச் சற்று அகலமாக இருந்து அதை உள்வாங்க வேண்டும். மற்றது வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் பட வேண்டும். நட்டை இறுக்க இறுக்கப் புஷ் ஊர்ந்து வரும். ஆனால் போல்றின் தரத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் மென்மையான 4.6 தர 12 மில்லிமீற்றர் போல்ற் ஏறத்தாழ 2 தொன் இழுவிசையைத்தான் நம்பிக்கையாகத் தாங்கும். தலையில் 8.8 என்று பொறித்த அதே பருமன் போல்ற் 5 தொன்னையும், 16 மில்லிமீற்றரானால் 9 தொன்னையும் தாங்கும். புரியில் கிறீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும்.

அயலவரின் வாகனங்களையும் செய்து நாலு காசு தேடலாம் என்று நினைப்பவருக்கே பிரஸ். அதில் பலம் வரும் விதத்தை விளங்கிக்கொள்ளுங்கள். போத்தல் ஜக்கில் சிறிய பிஸ்ரன் 10 மில்லிமீற்றரும் பெரியது 40 மில்லிமீற்றரும் விட்டமென்றால் பரப்பளவு 16 மடங்கு. பிடியின் நெம்பு 15 மடங்கு தந்தால் மொத்தம் 240 மடங்கு. நீங்கள் 20 கிலோ பாரத்தில் அழுத்த, உராய்வை விட்டுப் பார்த்தால், 4800 கிலோ பாரம் புஷ்ஷின்மேல் இறங்குகிறது. குழந்தையின் கையும் இதைச் செய்துவிடும். ஆகவே பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

கடைக்காரர் தொன் கணக்கைத்தான் பெருமையாகச் சொல்வார். மேசைமேல் வைக்கும் 6 தொன் பிரஸ் மலிவு, ஆனால் உயரம் போதாது. காரின் கை அதற்குள் நிற்காது. சிறு கார், வான் வேலைக்கு 12 தொன் தாராளம். உழவு இயந்திரத்தின் பெயரிங்குகளும் கழற்ற வேண்டுமானால் 20 தொன் நல்லது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதானால் அதையே வாங்கலாம். 50 தொன் லொறி கராஜுக்குரியது. எதுவாயினும், கழற்றிய கை ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய்த் தூண்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அளவு பொருந்தாத 20 தொன்னைவிடப் பொருந்தும் 12 தொன் மேல்.

எமது நிலைமைக்கு இன்னொன்றும் முக்கியம். நிலத்தில் நிற்கும் பிரஸ் 50 கிலோவுக்கு மேல் பாரமாக இருக்கும். நாளை இருப்பிடம் மாறினால் அதை எப்படிக் கொண்டுபோவது? முழுவதும் ஒட்டிய சட்டத்தை விட்டு, போல்றால் பூட்டிய சட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். பிரித்தால் இரண்டு பேர் துண்டு துண்டாகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றலாம்.

ஊர் ஒட்டுவேலைக் கடையில் செய்விப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண போத்தல் ஜக்கைத் தலைகீழாகக் கவிழ்க்கக் கூடாது. எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஜக் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இரு ஸ்பிரிங்குகளில் தொங்கும் அசையும் சட்டத்தில் ஜக்கை நிறுத்தினால், அதன் தலை மேற்சட்டத்தை உதைக்க, அசையும் சட்டம் கீழிறங்கி அழுத்தும். அதே விசை மேற்சட்டத்தைப் பிய்க்கவும் பார்க்கும். ஆகவே அரைகுறை ஒட்டை நம்பாதீர்கள்.

மலிவான பிரஸ்ஸோடு வரும் வார்ப்பிரும்புத் தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, தடித்த உருக்குத் தகடு வெட்டுவியுங்கள். வார்ப்பு வளையாது, வெடித்துத் தெறிக்கும். பழைய பெயரிங் வளையங்களைத் தாங்கியாக வைப்பது பலரின் வழக்கம். அவையும் அப்படியே நொறுங்கக்கூடியவை. கண்ணாடி அணிந்து, நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று பம்ப் செய்யுங்கள். புஷ் அசையாவிட்டால் மேலும் மேலும் அழுத்தாதீர்கள். விசையைத் தளர்த்தி, துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுங்கள். கவடுபோல் இரு காதுள்ள கையானால் காதுகளுக்கிடையில் ஒரு தாங்குதுண்டை இறுக்கி வைத்த பின்பே அழுத்துங்கள்; இன்றேல் காதுகள் கூனிவிடும். றப்பரை எரித்து எடுப்பது சுலபமாகத் தோன்றும், ஆனால் புகை நஞ்சு, வெப்பம் கையின் உறுதியையும் குறைக்கக்கூடும்.

பழைய புஷ்ஷை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கையில் கோடிட்டு வையுங்கள். சில புஷ்களில் றப்பரில் வெற்றிடம் இருக்கும், அதன் திசை மாறக் கூடாது. புதியதை ஏற்றும்போது அழுத்தம் வெளிக்கூட்டில் மட்டும் விழட்டும். நடுக்குழாயை அழுத்தினால் றப்பர் கிழிந்துவிடும். றப்பரில் கிறீஸோ எஞ்ஜின் எண்ணெயோ பூசாதீர்கள், அது ஊதிப் பழுதாகும்.

கையை வாகனத்தில் திரும்பப் பூட்டும்போது, சில்லு அந்தரத்தில் தொங்க நடுப்போல்றை இறுக்கிவிடுவார்கள். வாகனத்தை இறக்கியதும் றப்பர் எந்நேரமும் முறுகியபடியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். போல்றை முதலில் தளர்வாகப் பூட்டி, வாகனத்தைச் சில்லில் இறக்கி, இரண்டு மூன்று தரம் அமுக்கி விட்டு, அதன் பின்பு இறுக்குங்கள். கீழே கை எட்டாவிட்டால் சில்லுகளை உறுதியான பலகைகளின்மேல் ஏற்றி நிறுத்தலாம். ஜக் ஒன்றை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் படுக்காதீர்கள்.