வெண்கலத்தில் ஒரு கவிஞர்

கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் கொல்கத்தாவின் ஜோராசாங்கோவில் 1861ஆம் ஆண்டு பிறந்தார். சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ், பாங்குராவில் ஓர் எளிய குடும்பத்தில் 1906ஆம் ஆண்டு பிறந்தார். இருவருக்கும் இடையே 45 ஆண்டு இடைவெளி. எனினும், 1925இல் சாந்திநிகேதனின் கலாபவனுக்கு மாணவராக வந்த ராம்கிங்கரிடம் கவிஞர் பேரன்பு கொண்டார். அவர் திறந்தவெளியில் அமைத்த சிற்பங்களைக் கண்டு, ஆசிரமம் முழுவதையும் சிற்பங்களால் நிரப்புமாறு ஊக்கமளித்தார். அக்கவிஞரின் மார்பளவு உருவத்தை ராம்கிங்கர் வடித்தார். அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது.

வெண்கலச் சிற்பம் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்து நடராசர் திருமேனியை நாம் அறிவோம். சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். அத்திருமேனிகளுக்கு முதுமை இல்லை. அவற்றின் முகத்தில் மாறாத அமைதி தவழும்.

ராம்கிங்கர் வடித்ததோ ஒரு மனிதரின் முகம். அதில் தாகூரின் தலை கவிழ்ந்திருக்கிறது. கன்னமும் தாடியும் கரடுமுரடாக உள்ளன. முதுமையும் ஆழ்ந்த சிந்தனையும் அம்முகத்தில் படிந்துள்ளன.

இவ்வுருவச்சிலை ஹங்கேரி நாட்டின் பாலட்டன்ஃபூரெட் நகரில் நிறுவப்பட்டது. தாகூர் 1926இல் சிகிச்சை பெற்று, மரக்கன்று நட்ட ஊர் அது. ஒளிப்படங்களில் காணும் பொலிவு சிலையில் இல்லை எனச் சிலர் குறை கூறினர். தொலைவில் இருந்தவர்கள் கவிஞரின் புகழை அறிந்திருந்தனர். அருகில் வாழ்ந்த சிற்பியோ அவருடைய தளர்ச்சியையும் கண்டிருந்தார். தாம் கண்டதை மறைக்காமல் வடித்ததே அவர் செலுத்திய அஞ்சலி.

தாகூர் 1941இல் தாம் பிறந்த இல்லத்திலேயே மறைந்தார். ராம்கிங்கர் 1980இல் கொல்கத்தாவில் மறைந்தார். வெண்கல முகம் இருவரையும் இன்றும் நினைவூட்டுகிறது.

அருஞ்சொற்பொருள்

திருமேனி – தெய்வ உருவம்
கவிழ்தல் – கீழ்நோக்கிச் சாய்தல்
பொலிவு – அழகு, ஒளி
தளர்ச்சி – சோர்வு

பயிற்சி

1. சுவாமிமலையில் வெண்கலச் சிற்பம் வார்க்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. சோழர் காலத் திருமேனிக்கும் ராம்கிங்கர் வடித்த சிலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. சிலையைக் குறை கூறியவர்களுக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?
4. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவின் முகத்தை, நீங்கள் அறிந்தவாறே, ஐந்து தொடர்களில் எழுதுக.