திரும்பி வாற கறண்ட்

டார்கட்டாவில் வண்டியை நிறுத்தும்போது மாலை ஆறு மணிகூட ஆகவில்லை. ஜூன் மாதம், ஐந்து மணி தாண்டியவுடனேயே இருட்டிவிடும். ஹியூம் நெடுஞ்சாலையில் சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற சிற்றூர் அது. லொறிக்காரர்கள் இளைப்பாறுகிற இடம். வேலையில் உயிர்விட்ட லொறிச் சாரதிகளுக்கு ஒரு நினைவிடமும் அங்கே உண்டு. மெல்பேர்ன் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகவேண்டும் என்று புறப்பட்ட அம்மா, முன்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லைற் போட்டிருக்கிறியோ? எங்கட ஜாம் போத்தல் விளக்கு இதைவிட நல்லா எரிஞ்சதடா."

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாதபோது, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிக்கனமாக மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்துப் படித்தவர்கள் நாங்கள். அம்மா சொன்னதில் மிகை இல்லை. 110 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்ட றோட்டில் என் வெளிச்சம் முப்பது மீற்றருக்கு அப்பால் போகவில்லை. அந்தி நேரத்தில் கங்காரு பாய்கிற பகுதி வேறு. அன்று இரவு அங்கேயே படுத்தோம். படுக்கையோடு வந்த வண்டி என்பது அப்போது உதவியது.

வண்டி 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ். முன்பாதி டொயோட்டா. பின்பாதி எவரோ கட்டிய ஃபைபர்கிளாஸ் பெட்டி: கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள். எனக்கு முன் இதை வைத்திருந்த இரண்டு மூன்று பேரும் தங்கள் கைவண்ணத்தை வயரிங்கில் விட்டுப் போயிருந்தார்கள். இதை நான் சிட்னி தூங்கபியில் என் வீட்டு டிரைவ்வேயில், பல வார இறுதிகளை இழந்துதான் கண்டுபிடித்தேன்.

முதலில் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். புது பல்ப் இரண்டு வாங்கினேன், மாற்றம் இல்லை. புது பற்றரி வாங்கினேன், அதே மங்கல். அடுத்து எல்.ஈ.டி. பல்ப் போடலாமா என்று யோசித்தேன். நல்லகாலம், அதற்குள் ஒருவர் தடுத்தார். ஹலஜனுக்கென்று வார்த்த கிண்ணத்துக்குள் எல்.ஈ.டி.யைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும். இங்குள்ள வாகன வடிவமைப்பு விதிகளுக்கும் அது ஒத்துவராது. நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் பிங்க் ஸ்லிப் என்கிற பாதுகாப்புப் பரிசோதனைச் சான்று எடுக்கவேண்டும், அங்கே மாட்டுப்படும்.

தடுத்தவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அண்ணை. கோண்டாவில் டிப்போவில் பஸ்களுக்கு வயரிங் பார்த்தவர். நான் மீற்றரை வைத்து அளந்து வைத்திருந்ததைப் பெருமையோடு காட்டினேன்: லைற்றின் பிளக்கைக் கழற்றி வைத்துப் பார்த்தால் 13.9 வோல்ற். "வயரிங்கில பிழை இல்லை அண்ணை."

"தம்பி, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற குழாய்க்குள்ள கல்லொண்டு கிடக்கு எண்டு வையும். நுனியைக் கையால பொத்தினா குழாய் விம்மிக்கொண்டுதான் நிக்கும். கையை எடுத்துப் பாரும், ஒண்டுக்கிருக்கிற மாதிரி வரும். நீர் பொத்திப்போட்டு அளந்திருக்கிறீர்."

இந்த ஒரு பேச்சு எனக்கு அந்தப் புது பற்றரியின் விலையைவிடப் பெறுமதியானது. சுமை இல்லாமல் அளக்கும் வோல்ற் பொய் சொல்லும். ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் வயர்கூட மீற்றருக்கு முழு வோல்ற்றையும் காட்டும், ஏனென்றால் மீற்றர் ஏறத்தாழ கறண்ட் எதையும் இழுப்பதில்லை. பிளக்கை பல்ப்பில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, லைற்றை எரியவிட்டு, பிளக்கின் பின்புறமாக ஊசியை நுழைத்து அளக்கவேண்டும்.

அப்படி அளந்தபோது பற்றரியில் 14.0, பல்ப்பில் 10.9. இடையில் 3.1 வோல்ற்றைக் காணவில்லை. சிறு தொகை என்று நினைக்கவேண்டாம். ஹலஜன் பல்ப்பில் வோல்ற் பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது வீதம் குறையும். எனக்கு வந்துகொண்டிருந்தது பாதி வெளிச்சம்கூட இல்லை.

காணாமல் போனது எங்கே? மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரியின் பொசிற்றிவிலும், மற்றதைப் பல்ப்புக்கு வரும் பொசிற்றிவ் முனையிலும் வைத்தோம். லைற் எரியும்போதே அளந்ததில் 0.9. பிறகு பல்ப்பிலிருந்து வெளியேறும் முனைக்கும் பற்றரியின் நெகற்றிவுக்கும் இடையில்: 2.2. இரண்டையும் கூட்டினால் கணக்குச் சரி. பெரும்பகுதி தொலைந்தது திரும்பி வரும் வழியில்.

"கறண்ட் போற வழியை எல்லாரும் பாப்பினம். திரும்பி வாற வழியை ஆர் பாக்கிறது?" என்றார் அண்ணை.

எனக்கு உடனே சைக்கிள் டைனமோ ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்போம். டைனமோவிலிருந்து லைற்றுக்கு ஒரே ஒரு வயர்தான் ஓடும். மற்ற வயர் சைக்கிளின் சட்டமேதான். பெயின்ற்றைச் சுரண்டாமல் கிளிப்பை மாட்டினால் எதுவும் வேலை செய்யாது. பத்து வயதில் தெரிந்த இதை நாற்பத்தைந்து வயதில் மறந்திருந்தேன்.

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஹெட்லைற் ஏற்பாடே கொஞ்சம் தலைகீழ். பொசிற்றிவ் நேராகப் பல்ப்புக்கு வந்துவிடும். லோ பீமா ஹை பீமா என்று சுவிச் தீர்மானிப்பது கறண்ட் திரும்பி வரும் எர்த் பக்கத்தில். இது தெரியாமல் கைவைத்தால் கூத்துத்தான். முந்தைய சொந்தக்காரர் ஒருவர் ஸ்பொட்லைற் பூட்டி, அதன் றிலேயை வழக்கம்போல ஹை பீம் வயரில் கோத்து, மறுமுனையை எர்த்தில் விட்டிருக்கிறார். விளைவு: லோ பீமில் ஸ்பொட்லைற் எரியும், ஹை பீம் போட்டால் அணையும். மனிதர் எவ்வளவு நேரம் தலையைச் சொறிந்திருப்பாரோ, கடைசியில் வயரை வெட்டி ரேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ரேப் உருண்டையைப் பிரிக்கவே எனக்கு ஒரு சனிக்கிழமை.

இதே அமைப்பில் இன்னொரு வேடிக்கை: இடது வலது லைற்றுக்குத் தனித்தனி பியூஸ். லோ பீம் போட்டிருக்கையில் ஒரு பக்கத்து பியூஸ் எரிந்துபோனால் அந்தப் பக்கம் முழு இருட்டாகாது. மறுபக்கத்துப் பல்ப்பின் ஹை பீம் இழை வழியாகக் கறண்ட் சுற்றி வந்து, இந்தப் பக்கத்தின் இரண்டு இழைகளையும் மங்கலாகச் சிவக்க வைக்கும். எர்த் பிழை என்று எண்ணி ஒரு நாள் முழுக்கத் தேடலாம், இருப்பது ஒரு டொலர் பியூஸ். ஆகவே ஒரு பக்கம் மட்டும் மங்கினால் முதலில் பியூஸையும் பிளக்கையும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் மங்கினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: சுவிச், எர்த்.

எங்களுக்கு எர்த். டாஷ்போர்டுக்குக் கீழே வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர் (டொயோட்டாவில் எர்த்தின் நிறம் அது) ஒரு போல்ற்றில் முடிகிறது. அந்தப் போல்ற்றைத் தொட்டபோது சூடாக இருந்தது. அதில் மட்டும் 1.7 வோல்ற் விழுந்தது. சுமார் 8 அம்பியர் ஓடும்போது அது 14 வாற் சூடு, ஒரு துருப்பிடித்த வாஷருக்குள். கழற்றி, உலோகம் மின்னும்வரை அரத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். பல்ப்பில் 12.6 ஆனது. பத்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம்.

மீதிக்கு இரண்டு றிலே. ஒரு ஹெட்லைற்றுக்கு 55 வாற் என்றால் இரண்டுக்கும் ஒன்பது அம்பியருக்குக் கிட்ட. முப்பது வருடப் பழைய சுவிச் அதைச் சுமக்கத் தேவையில்லை. பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ், அங்கிருந்து றிலேக்கு நேரடி வயர், பழைய சுவிச்சின் வேலை றிலேயைத் தட்டி எழுப்புவது மட்டும். பல்ப்பில் இப்போது 13.4.

வயர் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. ஆஸ்திரேலியாவில் 'ஆறு மில்லிமீற்றர் ஓட்டோ கேபிள்' என்று விற்பது பிளாஸ்ரிக் உறையோடு சேர்த்த தடிப்பு. உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீற்றர் அளவுதான். 'நாலு மில்லிமீற்றர்' என்பதில் அதுவும் 1.85க்கு இறங்கிவிடும். ஊரில் வயர் வாங்கிய கணக்கில் இங்கே வாங்கினால் மெல்லிசாய்ப் போகும், மறுபடி வோல்ற் விழும்.

பின்பக்கத்துக் கதை சுருக்கமானது. பிரேக்கை மிதித்தால் சிக்னல் லைற்றும் லேசாக எரிந்தது. இப்படி ஒன்றோடொன்று ஒட்டி எரிந்தால் எர்த் இல்லை என்று பொருள். ஃபைபர்கிளாஸில் கறண்ட் ஓடாது. பெட்டி கட்டியவர் எர்த்தை ஓர் அலுமினியச் சட்டத்தில் ஸ்குறூ போட்டு நிறுத்தியிருந்தார், அந்தச் சட்டமோ சேஸியைத் தொடவே இல்லை. தற்செயலாக ஏதோ ஒரு போல்ற் இத்தனை நாள் தயவு பண்ணியிருக்கிறது. வயர் நிறங்கள் மட்டும் இங்குள்ள ட்ரெயிலர் முறைப்படி இருந்தன: மஞ்சள் இடது, பச்சை வலது, சிவப்பு பிரேக், மண்ணிறம் பின்விளக்கு, வெள்ளை எர்த். வெள்ளை வயரைச் சேஸிவரை இழுத்தேன், முடிந்தது.

கட்டிலுக்கடியில் ஒரு கறுப்பு வயரும் சிவப்பு வயரும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. 12 வோல்ற் என்று எண்ணி வெட்டப் போனேன். அண்ணை கையைப் பிடித்தார். இங்குள்ள பழைய 240 வோல்ற் வயரிங்கிலும் அதே நிறங்கள்தான்: சிவப்பு உயிருள்ளது, கறுப்பு நியூட்ரல். வண்டிக்குள் இரண்டு மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. 240ஐத் தொடுவது லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனின் வேலை, சட்டமும் அதுதான். அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் அதற்கு அடுத்த இணைப்பைப் பார்த்துவிட்டு ஒரு கெட்டவார்த்தை சொன்னார், அதை இங்கே எழுதமுடியாது.

இணைப்புகளில் எனக்கும் அண்ணைக்கும் ஒத்துப்போகாது. அவர் எல்லாவற்றிலும் ஈயம் பற்றவைக்கவேண்டும் என்பார். நான் நல்ல கிரிம்ப் கருவியின் பக்கம். அதிர்கிற வண்டியில் ஈயம் ஊறி விறைத்த வயர் அந்த விளிம்பில் முறியும் என்பது என் வாதம். வயரைக் கடித்துப் பிடிக்கிற நீல நிறக் கிளிப்புகளை மட்டும் இருவருமே வெறுக்கிறோம். வண்டியில் பதினொன்று எடுத்தேன்.

அடுத்த ஜூனில் மறுபடி ஹியூமில் இறங்கினோம். வெளிச்சம் வெள்ளையாக, தூரத்துப் பலகைவரை. ஆனால் எதிரே வந்த லொறிகள் ஒவ்வொன்றாக எனக்கு லைற் அடித்தன. ஹை பீம் போடவில்லையே என்று மீற்றர் பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூல்பேர்னில் நிறுத்தி அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"தண்ணித் தொட்டி நிரப்பின்னீரோ?"

"ஓம், முழுக்க."

"பின்பக்கம் அமுங்க மூக்கு மேல போயிருக்கும். முந்தி வெளிச்சம் இல்லாததால ஒருத்தருக்கும் தெரியேல்லை."

வீட்டில் கராஜ் கதவில் ரேப் ஒட்டி லைற்றின் உயரத்தைச் சரிபார்த்தபோது தொட்டி காலியாக இருந்தது. இப்போது தொட்டியை நிரப்பி, அம்மாவையும் பின்னால் இருத்திவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.