வாசனை எண்ணெயும் களைத்த உடம்பும்

பெங்களூரில் பல வீடுகளில் காலை நாலரை மணிக்கே விளக்கு எரியும். ஸ்ரீராமபுரம், அல்சூர், லிங்கராஜபுரம், விவேக் நகர் போன்ற இடங்களில் தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். சிலர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறார்கள். சிலர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டுகிறார்கள். சிலர் சிட்டி மார்க்கெட்டில் பூ விற்கிறார்கள்.

மாலையில் வீடு திரும்பும்போது தலை கனக்கிறது. தோள் கடுக்கிறது. கால் உளைகிறது. மனதிலும் பாரம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வாங்கிய கடன் என்று கவலைகள் வரிசையாக வருகின்றன.

அப்போது என்ன செய்கிறோம்? தைலம் தேடுகிறோம். நெற்றியில் தடவுகிறோம். "அப்பாடா" என்கிறோம்.

அந்தத் தைலத்தில் என்ன இருக்கிறது? அது உண்மையில் களைப்பைப் போக்குகிறதா? எந்த அளவுக்கு நம்பலாம்? தெரிந்து கொள்வோம்.

வாசனை எங்கே இருக்கிறது?

ஒரு எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கை மணக்கும். துளசியும் அப்படித்தான். மரிக்கொழுந்தும் அப்படித்தான். இந்தச் செடிகளின் உள்ளே மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன. கசக்கும்போது அவை வெளியே வந்து காற்றில் பறக்கின்றன. அதுதான் வாசனை.

சில செடிகளில் இந்த எண்ணெய் இலையில் இருக்கும். யூகலிப்டஸ், எலுமிச்சைப் புல் ஆகியவை அப்படி. மல்லிகையில் பூவில் இருக்கும். வெட்டிவேரில் வேரில் இருக்கும். சந்தன மரத்தில் நடுக்கட்டையிலும் வேரிலும் இருக்கும். அதனால்தான் சந்தன மரத்தை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள்.

இது தேங்காய் எண்ணெய் போல அல்ல. தேங்காய் எண்ணெய்த் துளியைத் துணியில் விட்டால் கறை நிற்கும். யூகலிப்டஸ் போன்ற வாசனை எண்ணெய் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும்.

எண்ணெய் எடுப்பது எப்படி?

இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளிகள் நிற்கும். ஆவி மேலே போனது. மூடியில் பட்டுக் குளிர்ந்தது. மறுபடியும் நீரானது.

வாசனை எண்ணெயையும் இப்படித்தான் எடுக்கிறார்கள். பெரிய கலத்தில் இலையையோ மரத்தூளையோ நிரப்புகிறார்கள். அதன் வழியாக நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு குழாய் வழியே போகிறது. குழாயைக் குளிர வைக்கிறார்கள். ஆவி நீராகிறது. எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கிறது. அதை வடித்து எடுக்கிறார்கள்.

100 கிலோ யூகலிப்டஸ் இலையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். இதை நினைவில் வையுங்கள். ஒரு சிறு சீசாவுக்குள் கூடை நிறைய இலைகளின் காரம் அடங்கியிருக்கிறது.

பெங்களூர் காய்ச்சிய சந்தன எண்ணெய்

பெங்களூரில் மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் ஒரு நிலையத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். 'சாண்டல் சோப் ஃபேக்டரி' என்பது அதன் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

மைசூர் நாட்டுக் காடுகளில் சந்தன மரம் செழித்து வளர்ந்தது. 1792-இல் திப்பு சுல்தான் அதை அரசு மரம் என்று அறிவித்தார். அதன் பிறகு அரசு மட்டுமே சந்தனத்தை விற்றது. கட்டையாகவே ஏலம் விட்டது. அந்தக் கட்டைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. அங்கேதான் எண்ணெய் எடுத்தார்கள். மரம் நம்முடையது. லாபம் அவர்களுடையது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஏற்றுமதி குலைந்தது. மைசூரில் சந்தனக் கட்டை விற்காமல் தேங்கியது. அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராக இருந்தார். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தார். "எண்ணெயை இங்கேயே எடுத்தால் என்ன?" என்ற எண்ணம் பிறந்தது.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. மக்கள் அதை டாடா இன்ஸ்டிடியூட் என்பார்கள். அங்கே சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சந்தன எண்ணெய் எடுத்துக் காட்டினார்கள். 1916-இல் பெங்களூரில் ஆலை வேலை தொடங்கியது. அடுத்து மைசூரிலும் ஆலை வந்தது. சோப்பு செய்யும் தொழிலைக் கற்றுவர கரளபுரி சாஸ்திரி என்பவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்படிப் பிறந்ததுதான் மைசூர் சாண்டல் சோப்பு. இன்றும் கர்நாடக அரசின் நிறுவனமே அதைத் தயாரிக்கிறது.

மூக்கிலிருந்து மூளைக்கு

மழை பெய்ததும் மண் மணக்கிறது. உடனே சொந்த ஊர் ஞாபகம் வருகிறது. இது ஏன்?

மூக்கின் மேல்பகுதியில் வாசனையை உணரும் நரம்புகள் இருக்கின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையில் பயம், மகிழ்ச்சி, ஞாபகம் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகள் உண்டு. வாசனைச் செய்தி அந்தப் பகுதிகளுக்கு விரைவாகப் போய்ச் சேருகிறது. அதனால்தான் பிடித்த வாசனை மனதைத் தொடுகிறது.

வாசனை எண்ணெய்களைக் கொண்டு உடலையும் மனதையும் இதமாக்கும் முறைக்கு 'அரோமாதெரபி' என்று பெயர். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் கட்டஃபோசே 1937-இல் இந்தப் பெயரில் ஒரு நூல் எழுதினார். பெயர் புதியது. பழக்கம் மிகப் பழையது. நம் வீடுகளில் பானை நீரில் வெட்டிவேர் போடுவதும், தலையில் பூ வைப்பதும், நெற்றியில் சந்தனம் பூசுவதும் இதே வகைதான்.

பலன் உண்டா? கொஞ்சம் உண்டு. நல்ல வாசனையும் மெல்லத் தேய்த்துவிடும் கையும் பதற்றத்தைச் சற்றுத் தணிக்கும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது சிறிது நேரத்திற்கு மட்டுமே. அது நோயைக் குணமாக்காது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தைலம் தடவும்போது பத்து நிமிடம் உட்காருகிறோம். கண்ணை மூடுகிறோம். யாரோ ஒருவர் அன்போடு தோளைப் பிடித்துவிடுகிறார். அந்தப் பத்து நிமிட ஓய்வும் மருந்துதான்.

எப்படிப் பயன்படுத்துவது?

1. வாசனை எண்ணெயை அப்படியே தோலில் தடவக் கூடாது. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு மட்டும் கலக்குங்கள். நல்லெண்ணெயும் ஆகும்.

2. முதல் முறை என்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவுங்கள். ஒரு நாள் பொறுங்கள். அரிப்பு, சிவப்பு, எரிச்சல் வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு வேண்டாம்.

3. தோள், கழுத்து, கால் ஆகிய இடங்களில் மெல்லத் தேய்க்கலாம். கண்ணருகில் தடவக் கூடாது. புண்ணிலும் தடவக் கூடாது.

4. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம்.

5. செலவில்லாத வழியும் உண்டு. ஒரு கொத்து மரிக்கொழுந்தைத் தலைமாட்டில் வைக்கலாம். குடிநீர்ப் பானையில் கழுவிய வெட்டிவேர் போடலாம்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. இரவெல்லாம் தூங்கவில்லை. வீட்டில் ஒரு நீலகிரித் தைலச் சீசா இருக்கிறது. ஊட்டிக்குப் போன மாமா வாங்கி வந்தது.

"மூக்குல ரெண்டு சொட்டு விடும்மா. சளி இறங்கிடும்" என்றார் மாமியார்.

மருமகள் அறிவொளி வகுப்பில் படிக்கக் கற்றவள். சீசாவை விளக்கருகே கொண்டு போனாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அத்தை, 'வெளி உபயோகத்திற்கு மட்டும்'னு போட்டிருக்கு. 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்'னும் இருக்கு."

"நாங்க எல்லாம் அப்படித்தானே பிள்ளைங்கள வளர்த்தோம்?"

"நீங்க துளசியும் ஓமமும் வெச்சு வளர்த்தீங்க அத்தை. இது அப்படி இல்லை. ஒரு கூடை இலையோட காரம் இந்தச் சீசாவுக்குள்ள இருக்கு. பச்சைக் குழந்தை தாங்குமா?"

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சீசாவை வாங்கினார். பரண் மேல் வைத்தார்.

"சரி, விடியட்டும். ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றார்.

மருமகள் செய்தது சரி. மாமியார் செய்ததும் சரி.

உயிர் காக்கும் எச்சரிக்கை

யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தை விழுங்கினால் ஆபத்து. ஒரு தேக்கரண்டி அளவே பெரும் கெடுதல் செய்யும். வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படியே. குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரலாம்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். 108-க்குப் போன் செய்யுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சீசாவையும் கையோடு கொண்டு போங்கள். எதை விழுங்கியது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தைலம் தடவக் கூடாது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். மூடிய அறையில் ஊதுவத்தி கொளுத்தித் தூங்குவதும் நல்லதல்ல. வாசனை இனிமைதான். புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

வாங்கும்போது கவனியுங்கள்

உண்மையான சந்தன எண்ணெய் ஒரு கிலோ 1 லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கிறது. அப்படியானால் இருபது ரூபாய்ச் சீசாவில் இருப்பது என்ன? பெரும்பாலும் செயற்கை வாசனைதான். "மூட்டு வலி போகும், சர்க்கரை போகும், கவலை போகும்" என்று ஒரே சீசாவைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள்.

பெங்களூர்க் கடைகளில் சீசாவின் மேல் கன்னடமோ ஆங்கிலமோ இருக்கலாம். கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கேளுங்கள். எண்களை நீங்களே படிக்கலாம். விலை எவ்வளவு? எந்த மாதம் வரை நல்லது? பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் தீர்க்காத களைப்பு

சில களைப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும். சில களைப்பு போகாது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? முகம் வெளுத்திருக்கிறதா? அது ரத்தச் சோகையாக இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள 100 பெண்களில் 57 பேருக்கு ரத்தச் சோகை இருந்தது. இதைத் தைலம் தீர்க்காது. கீரை, பயறு போன்ற நல்ல உணவும் இரும்புச் சத்து மாத்திரையும் தீர்க்கும்.

சர்க்கரை நோய், தைராய்டு, காச நோய் ஆகியவற்றாலும் களைப்பு வரும். இரண்டு வாரத்திற்கு மேல் களைப்பு நீடித்தால் அரசு மருத்துவமனைக்கோ நம்ம கிளினிக்குக்கோ போங்கள்.

மனப் பாரமும் அப்படித்தான். தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் உள்ளே அடக்கி வைக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது டெலி-மானஸ் என்னும் அரசின் சேவை. 2022-இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் மனநல சிகிச்சை உண்டு.

வீட்டு வேலையைப் பகிர்ந்து கொள்வதும் ஒரு மருந்துதான். வெளியிலும் வீட்டிலும் ஒருவரே உழைத்தால் எந்தத் தைலத்தாலும் அந்தக் களைப்பைத் தீர்க்க முடியாது. தண்ணீர் எடுப்பதைக் கணவர் செய்யலாம். பாத்திரம் துலக்குவதை மகனும் செய்யலாம்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் என்னென்ன தைலம் இருக்கிறது? எங்கே வைத்திருக்கிறீர்கள்? குழந்தையின் கைக்கு எட்டுமா?
2. தைலச் சீசாவை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். மேலே எழுதியிருப்பதைச் சேர்ந்து படியுங்கள்.
3. உங்கள் வீட்டில் அதிகம் களைப்படைபவர் யார்? அவருக்கு ஓய்வு கிடைக்க என்ன செய்யலாம்?

படித்து எழுதுங்கள்

வெட்டிவேர், மரிக்கொழுந்து, சந்தனம், நீராவி, ரத்தச் சோகை, எச்சரிக்கை

வெளி உபயோகத்திற்கு மட்டும்.
குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.