ஏட்டுக் கல்வியும் களப் பயிற்சியும்

வைத்தியம் பயில்பவர் நோயாளியின் கட்டிலருகே நின்று பயில்கிறார். ஆசிரியராக வர விரும்புபவர் வகுப்பறையில் கற்பித்துப் பழகுகிறார். அரசறிவியல் பயிலும் மாணவர் எங்கே சென்று பழகுவது? அரசியல் யாப்புகளை ஐயந்திரிபறக் கற்றுப் பட்டம் பெற்ற ஒருவர், ஒரு சட்டமூலம் குழுநிலையில் எவ்வாறு திருத்தம் பெறுகிறது என்பதை ஒரு நாளேனும் நேரிற் காணாதிருத்தல் கூடும்.

இக்குறையை நீக்கவே பல நாடுகளில் களப் பயிற்சித் திட்டங்கள் தோன்றின. வொஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகம் 1947 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிற கல்லூரி மாணவரும் ஒரு தவணைக் காலம் தலைநகரில் தங்கி, அரசாங்கம் இயங்கும் முறையை அருகிலிருந்து கற்க அது வழி செய்தது.

ஆயினும், அலுவலகமொன்றில் சில மாதம் இருந்துவிட்டால் மட்டும் அது கல்வியாகிவிடுமா? கடிதங்களுக்கு முத்திரை ஒட்டுவதும் தேநீர் பரிமாறுவதும் அரசறிவியல் அல்லவே! பயிற்சி கல்வியாக வேண்டுமாயின் மூன்று அம்சங்கள் இன்றியமையாதன.

முதலாவது, இரு பக்கத்தையும் காணுதல். இதற்குக் கனடா நல்லதோர் உதாரணம். அங்கே 1969 இல், அல்பிரட் ஹேல்ஸ் என்னும் பாராளுமன்ற அங்கத்தவரின் முயற்சியினால் பாராளுமன்றப் பயிற்சித் திட்டம் உருவாயிற்று. கனடிய அரசறிவியற் சங்கம் அதனை நடத்துகிறது. தெரிவாகும் இளம் பட்டதாரிகள் ஒட்டாவாவில் பத்து மாதம் பணிபுரிகின்றனர். ஒரு பகுதிக் காலம் ஆளுங்கட்சி அங்கத்தவர் ஒருவரிடமும், மறு பகுதிக் காலம் எதிர்க்கட்சி அங்கத்தவர் ஒருவரிடமும் அவர்கள் கடமையாற்ற வேண்டும். நேற்று ஒரு கொள்கைக்கு ஆதரவாகக் குறிப்புகள் திரட்டியவர், நாளை அதே கொள்கையை மறுப்பவருக்கு உதவ நேரலாம். எதிரணியில் இருப்பவரும் நியாயத்தோடு பேசக்கூடும் என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்க மாட்டாது.

இரண்டாவது, கண்டதை ஆராய்ந்து எழுதுதல். கனடியப் பயிலுனர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதுகின்றனர். அனுபவம் தானாகவே அறிவாகிவிடாது. நூலிற் படித்ததையும் நேரிற் கண்டதையும் ஒப்புநோக்கி, அவை எங்கே ஒத்துள்ளன, எங்கே முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்று வினவும்போதே அது அறிவாகின்றது. இவ்வினாக்களை எழுப்பும் வழிகாட்டி ஒருவரும் மாணவருக்குத் தேவை.

மூன்றாவது, உதவிப்பணம். சம்பளமின்றித் தலைநகரில் மாதக்கணக்கில் தங்கிப் பயில வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளாலேயே முடியும். இன்றைய பயிலுனரே நாளைய ஆலோசகர். சில வேளைகளில் நாளைய மக்கள் பிரதிநிதி. வாசற்படியிலேயே ஏழை மாணவர் தடுக்கப்பட்டால், பின்னர் கொள்கை வகுக்கும் மேசையில் அவர்களது ஊரின் குரலும் ஒலிக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் இதனைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. 2018 இல் தனது பயிலுனர்களின் ஊதியத்துக்கெனப் பிரதிநிதிகள் சபைக்கு 88 இலட்சம் டொலரும், செனற் சபைக்கு 50 இலட்சம் டொலரும் அது ஒதுக்கியது.

ஆகவே, பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவரும் அவரை அனுப்பும் பெற்றோரும் அந்த அலுவலகத்தின் பெயரையும் புகழையும் மட்டும் பார்த்தல் போதாது. அங்கே எதைக் கற்கலாம், யார் வழிகாட்டுவார், செலவை யார் ஏற்பார் என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். சான்றிதழ் ஒரு தாள் மாத்திரமே. மாற்றுக் கருத்துடையவரின் பேச்சைப் பொறுமையோடு செவிமடுக்கப் பழகிய மனமே இப்பயிற்சியின் உண்மைப் பயன்.