புது லேப்டாப்புக்குப் பழைய விண்டோஸ் வேண்டுமா?

விண்டோஸ் 11 போட்டு வரும் லேப்டாப்பை வாங்கியவர்களில் பலருக்கு, இதை அழித்துவிட்டுப் பழையபடி 10-ஐப் போட்டால் என்ன என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. பழமை மோகம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. 2007-இல் விஸ்டாவை எடுத்துவிட்டு எக்ஸ்பி போட்டவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால் டெல் நிறுவனமே அந்த ஏப்ரலில் எக்ஸ்பி போட்ட வீட்டுக் கணினிகளை மறுபடி விற்கத் தொடங்கியது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் வரை வந்தன. 2012-இல் விண்டோஸ் 8-ஐ விட்டு 7-க்கு இறங்கியவருக்கும் 2020 ஜனவரி வரை கவலை இல்லை. இரண்டு தடவையும் பழைய பதிப்புக்கு ஏழாண்டு போல ஆயுள் மிச்சம் இருந்தது. புது வன்பொருளுக்கு அந்தப் பதிப்பின் டிரைவர்களும் பெரும்பாலும் கிடைத்தன. இன்று இவை இரண்டுமே இல்லாமல் போய்விட்டன. அன்றைய அறிவுரை மட்டும் சர்வீஸ் கடைகளில் இன்னும் உலவுகிறது.

முதலில் ஆயுள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 11-இன் மேல் பலருக்குள்ள பெரிய கோபம், அமைக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டு அடம்பிடிக்கிறது என்பது. அந்தக் கோபத்தில் 10-க்குப் போனால், நீட்டிப்பில் சேர அதே கணக்கில் உள்நுழைய வேண்டும். நீட்டிப்புக்கான 30 டாலர் கட்டணத்தைக் கட்டினாலும் இதில் விலக்கு இல்லை. நிறுவனங்களுக்கு மூன்றாண்டு வரை நீட்டிப்பு உண்டு, ஆனால் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருப்பதால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆன்டிவைரஸின் வேலை தீய நிரலை அடையாளம் காண்பது. இயங்குதளத்திலேயே உள்ள ஓட்டையை அது அடைக்காது; அதை அடைக்க மாதாந்தரத் திருத்தம் வேண்டும். 2032 ஜனவரி வரை ஆதரவுள்ள ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்பைச் சிலர் காட்டுவார்கள். அந்தத் தேதி உண்மைதான். ஆனால் அது சாதனத் தயாரிப்பாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விற்கப்படுவது, கடையில் ஒருவர் வாங்கிப் போடும் சரக்கல்ல. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் அதன் கீயை உரிமம் என்று நம்ப வேண்டாம்.

அடுத்தது டிரைவர். ஆயுள் பிரச்சினை பிறகு கடிக்கும். இது நிறுவும் அன்றைக்கே கடிக்கும். 2016 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட், இனி வரும் புதிய பிராசஸர்களுக்கு அப்போதைய புதுப் பதிப்பான 10-இல் மட்டுமே ஆதரவு என்று அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டே கேபி லேக், ரைசன் கணினிகளில் விண்டோஸ் 7 போட்டவர்களுக்கு, இந்தப் பிராசஸர் இந்தப் பதிப்புக்கானதல்ல என்ற செய்தி வந்து அப்டேட் நின்றது. 11-லிருந்து 10-க்கு அப்படி ஒரு பூட்டு போடவில்லை, அதனால் நிறுவுவது நடக்கும். ஆனால் எப்படி நடக்கும் என்று பாருங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, விண்டோஸை எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரைக்கு வந்தால், பல இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி கெட்டுப்போகவில்லை, இன்டெல்லின் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் அது இருக்கிறது, அதற்கான டிரைவர் 10-இன் நிறுவியில் இல்லை. அதைத் தனியாக இறக்கி, பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் கொடுத்தால்தான் டிஸ்க் கண்ணில் படும். அந்நேரம் டச்பேட் வேலை செய்யாமல் இருக்கலாம், யுஎஸ்பி மவுஸ் பக்கத்தில் இருப்பது நல்லது. நிறுவி முடித்தபின் வைஃபை இருக்காது. வைஃபை டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். இதையெல்லாம் ஒரு மாலையில் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதவையும் உண்டு. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல பிராசஸர்களில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கின்றன. எந்த வேலையை எதற்குத் தருவது என்று பிராசஸர் தரும் குறிப்பைப் படிக்கும் ஏற்பாடு 11-இல்தான் முழுமையாக உண்டு. வைஃபை 6இ-இன் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் வைஃபை 7-உம் அப்படியே. பணம் கொடுத்து வாங்கிய வசதியை நாமே மூடிவைப்பதுபோல் ஆகிவிடும். ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப் என்றால் பேச்சே இல்லை, அதற்கு 10 கிடையாது.

இவ்வளவும் தெரிந்தும் 10 வேண்டும் என்பவர், தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தோற்றம்தான் என்றால் இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. டாஸ்க்பார் ஐகான்களை இடப்பக்கம் ஒதுக்க அமைப்புகளிலேயே வழி உண்டு. ஷிஃப்டை அழுத்தி ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு வரும். ஸ்டார்ட் மெனுவுக்கு ஓப்பன் ஷெல் இலவசம். வேகம்தான் குறை என்றால், குற்றவாளி பெரும்பாலும் தயாரிப்பாளர் திணித்த சோதனை ஆன்டிவைரஸும் துணை நிரல்களும்தான். சுத்தமான விண்டோஸ் 11-ஐ மறுபடி நிறுவினால் பாதிப் பாரம் இறங்கும். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சம் விளையாட்டுகளில் கொஞ்சம் வேகத்தைத் தின்பது உண்மை. அதை அணைக்கலாம், பாதுகாப்பு குறையும் என்று தெரிந்தே அணைக்க வேண்டும்.

பழைய மென்பொருள் என்ற காரணம்தான் உண்மையில் கனமானது. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரையும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் வைத்து இன்றும் திருமணப் பத்திரிகை அடிக்கிறார்கள். டாஸ் காலத்துக் கணக்கு நிரலை விடாத வணிகர்களும் உண்டு. ஆனால் இங்கே கோடு 10-க்கும் 11-க்கும் நடுவில் ஓடவில்லை, 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. 64 பிட் விண்டோஸ் 10-இல் ஓடும் 32 பிட் நிரல், சில விதிவிலக்குகள் தவிர, 11-இலும் ஓடும். பழைய எழுத்துருக்கள் இரண்டிலும் ஒன்றுபோல் வேலை செய்யும். 16 பிட் நிரல்களோ 64 பிட் விண்டோஸ் எதிலும் ஓடா, 10 ஆனாலும் 11 ஆனாலும். அவை ஓட 32 பிட் விண்டோஸ் வேண்டும், 10-இல் அது உண்டு, 11-இல் இல்லை. அப்படியானால் 10-க்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்றால், அங்கேதான் கதவு மூடுகிறது. இன்றைய லேப்டாப்களின் ஃபர்ம்வேர் 64 பிட். பழைய பயாஸ் முறையை இன்டெல் கைவிட்டபின் வந்த பெரும்பாலான கருவிகளில் 32 பிட் விண்டோஸ் பூட்டே ஆகாது.

அதனால் பழைய நிரலுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் விர்ச்சுவல் மெஷின்தான் சரியான வழி என்பது என் முடிவு. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். அதற்குள் 32 பிட் விண்டோஸ் 7-ஐ நிறுவி, இணையத்தைத் துண்டித்து, அந்த ஒரு நிரலை மட்டும் ஓட்டலாம். யுஎஸ்பி டாங்கிள் கேட்கும் நிரலென்றால் இவ்விரண்டும் டாங்கிளை உள்ளே கடத்தும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அதைச் செய்யாது. உள்ளே போடும் விண்டோஸுக்குத் தனி உரிமம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. டாஸ் நிரல் மட்டும் என்றால் டாஸ்பாக்ஸே போதலாம், கணக்கு நிரலின் பிரிண்ட் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாரலல் போர்ட்டில் மாட்டிய இயந்திரம் என்றால் எந்தப் புது லேப்டாப்பும் உதவாது. அந்தப் பழைய டெஸ்க்டாப்பையே இணையமில்லாமல் வைத்துக்கொள்வது மேல்.

இதற்கு எதிராக வரும் வலுவான வாதம், தெரிந்தவர்களின் லேப்டாப்பில் 10 நன்றாகத்தானே ஓடுகிறது என்பது. ஓடும், 2021, 2022 மாடல்களில் குறிப்பாக. அவற்றுக்கு இரண்டு பதிப்பின் டிரைவர்களையும் தயாரிப்பாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே இறங்குவது யாருக்கும் கூடாது என்று சொல்ல மாட்டேன். 10-இல் மட்டும் சான்று பெற்ற மென்பொருளை நம்பியுள்ள, நீட்டிப்புக்குப் பணம் கட்டத் தயாரான அலுவலகத்துக்கு அது நியாயமான முடிவு. அப்போதும் லேப்டாப்போடு வந்தது 11 ப்ரோவாக இருக்க வேண்டும். 10 ப்ரோவுக்கு இறங்கும் உரிமை அதில் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே, முடிந்தால் வாங்கும் முன்பே, தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவர் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இயங்குதளப் பட்டியலில் விண்டோஸ் 11 மட்டும் இருந்தால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பட்டியலில் 10-உம் இருந்து, இறங்குவதென்றே முடிவானால், முதலில் ரெக்கவரி பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துவிடுங்கள். தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பகுதி ஃபார்மட் அடிக்கும்போது போய்விடும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அது கேட்காமலே இயங்குகிறது. பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேலையைத் தொடங்குமுன் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.