மாத்திரையும் சத்தும்: ஒரு காலெரிச்சல் சொல்லும் பாடம்



மாத்திரை நோயைத் தீர்க்கும், சாப்பாடு சத்தைக் கொடுக்கும், இரண்டும் வேறு வேறு வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் உடம்புக்குள்ளே போனதும் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே ஐசோனியசிட் மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்குக் கை கால் மரத்து, பாதம் எரிந்தது. காரணம் என்ன? அந்த மருந்து வைட்டமின் பி6-உடன் சேர்ந்து, அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. நரம்புக்கு வேண்டிய சத்து குறைந்துபோகிறது. தினமும் 6 மில்லிகிராம் பி6 கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்று அந்த மையத்தின் 1963-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

நம்ம பட்டறைக் கணக்கில் சொன்னால், லேத் ஓடும்போது கூலன்ட் விடுகிற மாதிரி. கூலன்ட் இல்லை என்றால் டூல்தான் கெடும். அதற்காக யாரும் லேத்தையே நிறுத்திவிடுவதில்லை.

ஆனால் நோயாளிகள் நிறுத்திவிடுகிறார்கள்! எங்கள் புதுச்சத்திரத்தில் ஒரு பெரியவர், "மாத்திரை போட்டதுல இருந்து காலு எரியுது தம்பி, இனி வேண்டாம்" என்றார். இங்கேதான் ஆபத்து. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், கிருமி மருந்துக்கு அடங்காமலும் போகலாம். டாக்டரிடம் சொன்னால் பி6 மாத்திரை எழுதித் தருவார். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், சரியான சாப்பாடு இல்லாதவர்களுக்கு இது மிக அவசியம். நாமே கடையில் வாங்கி அள்ளிப் போடவும் கூடாது. பி6 அளவுக்கு மிஞ்சினாலும் நரம்பு கெடும்.

இன்னும் இரண்டு விஷயம்:

1. இரும்புச்சத்து மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

2. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். பாலின் கால்சியம் மருந்தை இரத்தத்தில் சேரவிடாது.

வீட்டில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? எதோட சேரக்கூடாது?" என்று கேட்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் நாம் செய்யக்கூடிய சின்ன உதவி இது.