கோச் தானாகத் தேடி வருவாரா?

"நல்லா ஆடினா போதும், காலேஜ் கோச் தானா தேடி வருவார்." டென்னிஸ் ஆடும் பிள்ளையை அமெரிக்கக் கல்லூரியில் சேர்க்க நினைக்கும் வீடுகளில், டல்லஸோ சென்னையோ, இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். கூடவே சோம்தேவ் தேவ்வர்மன் பெயரும் வரும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு முறை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் ஒற்றையர் பட்டம் வென்றவர் அவர்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடக்காது. கோச் பார்க்கும்படி நாம்தான் செய்ய வேண்டும். ஆட்ட வீடியோ, போட்டி முடிவுகள், யுடிஆர் எண் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்), பள்ளி மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளையே மெயில் எழுதட்டும். அப்பா எழுதிக் கொடுத்தது நாலு வரியில் தெரிந்துவிடும்.

எழுதியும் பதில் வரவில்லை என்று மனம் விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு யாரும் விதியைச் சொல்லவில்லை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 டென்னிஸில், பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை, சேர்க்கை பற்றி கோச் மெயில் அனுப்பவோ போனில் பேசவோ கூடாது. ஒன்பதாம் வகுப்பில் அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு மறுபடி எழுத வேண்டும்.

"விளையாட்டுக்காரப் பிள்ளைக்கு மார்க் எதுக்கு?" இதுதான் அதிகம் கெடுக்கும் நம்பிக்கை. டிவிஷன் 1-இல் ஆட, ஒன்பதாம் வகுப்பிலிருந்து 16 அடிப்படைப் பாடங்கள் தேறியிருக்க வேண்டும். அவற்றின் சராசரி, அமெரிக்க ஜிபிஏ கணக்கில், 2.3-க்குக் குறையக் கூடாது. அதில் 10 பாடங்களைக் கடைசி ஆண்டு தொடங்குமுன்பே முடிக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண் பிறகு மாறாது. ஒன்பதில் அல்ஜீப்ராவைக் கைவிட்டால் பன்னிரண்டில் எந்த கோச்சாலும் காப்பாற்ற முடியாது.

"இடம் கிடைச்சா முழுச் செலவும் காலேஜோடது." பல ஆண்டுகள் டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு 4.5 முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு; அதை அணி முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-இல் விதி மாறியது, ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது இன்றும் கல்லூரியின் கையில். டிவிஷன் 3-இலும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது; குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு.

இலக்கு விஷயத்திலும் ஒரு வார்த்தை. "டிவிஷன் 1தான்" என்று சுவரில் எழுதி ஒட்டுகிறார்கள். அந்த முடிவு கோச்சின் கையில் இருக்கிறது. பிள்ளையின் கையில் இருப்பது வேறு: இந்த மாதம் இரண்டாவது சர்வை பயப்படாமல் அடிப்பது, தோற்ற ஆட்டத்தை மறுநாள் உட்கார்ந்து பார்ப்பது, வாரம் இரண்டு கோச்சுகளுக்கு மெயில் எழுதுவது. என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்த மூன்றையும்தான் சுவரில் ஒட்டுவேன்.